கோயில் வாசலில் நாலு படி: தைப்பூசத்துக்குள் வீல்சேர் பாதை போட வழி சொல்லுங்கள்

வடகரைத் தொண்டர்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, பழைய கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் ஒரு முருகன் கோயிலின் தொண்டர் குழுவுக்காகக் கேட்கிறேன். கட்டடம் 1958இல் எழுந்தது. தவறாமல் வருகிறவர்களில் ஐந்து பேர் வீல்சேரில் இருக்கிறார்கள். அதில் ஒன்று பேட்டரி வண்டி. சர்க்கரை நோயால் கால் எடுத்துச் செயற்கைக் கால் வைத்தவர்கள் இருவர். காது கேளாத தம்பதி ஒன்று. காவடி நாளில் பையன்கள் நாலு பேராகச் சேர்ந்து வீல்சேரை ஆளோடு தூக்கிப் படி ஏற்றுகிறார்கள். பேட்டரி வண்டிக்காரர் வெளியிலேயே இருந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

நிரந்தரமாக ஒரு சாய்தளம் கட்ட வேண்டும் என்று குழு கேட்டது. கோயில் கமிட்டி மூன்று மறுப்புச் சொல்கிறது. ஒன்று, தெருவில் உருண்ட சக்கரம் மண்டபத்துக்குள் வரக்கூடாது. இரண்டு, முகப்பு அழகு கெட்டுவிடும். மூன்று, சமையல்கட்டுப் பக்கம் ஒரே படிதான், அந்த வழியாக வரட்டும்.

அளவுகள்: நாலு படி, ஒவ்வொன்றும் 150 மி.மீ., மொத்தம் 600. படியிலிருந்து நேரே கேட் வரை 5.5 மீட்டர். படிக்கு இடப்புறம் மேடையை ஒட்டி 12 மீட்டர் காலி இடம், இப்போது புல்தரை. தைப்பூசத்துக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கொத்தனார் பீனிக்ஸ்

முதலில் கணக்கு. உயரம் 1 என்றால் நீளம் 12, இதைவிடச் செங்குத்தாகப் போகாதீர்கள். இந்த நாட்டுக் கட்டட விதி சான்ஸ் 10400, எஸ் பகுதியும் அதைத்தான் சொல்கிறது. 600 மி.மீ. ஏற 7.2 மீட்டர் வேண்டும். கேட்டை நோக்கி நேராகப் போட்டால் இடம் போதாது. 5.5 மீட்டருக்குள் அடக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சரிவில் தானே கையால் சக்கரம் உருட்டுகிறவர் பாதியில் நின்றுவிடுவார், முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழவும் கூடும்.

உங்களிடம் இருக்கும் 12 மீட்டர்தான் விடை. மேடைச் சுவருக்கு இணையாகப் போடுங்கள். தொடக்கத்தில் 1.2 மீட்டர் சமதளம், 3.6 மீட்டர் ஏற்றம், நடுவில் மூச்சு வாங்க 1.5 மீட்டர் சமதளம், மறுபடி 3.6 மீட்டர் ஏற்றம், முடிவில் படியின் தலைமாட்டில் திரும்ப 1.5 மீட்டர் சதுரம். கூட்டினால் 11.4 மீட்டர். இன்னும் 60 செ.மீ. கையில் இருக்கிறது. கொடிமரத்துக்கும் கருவறைக்கும் நடுவில் எதுவும் குறுக்கே வராது. முகப்பை மறைக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை, மேடையின் உயரத்துக்கு மேல் கைப்பிடிக் குழாய் மட்டும்தான் தெரியும்.

சுத்த அகலம் 1.1 மீட்டருக்குக் குறையக்கூடாது, 1.2 வைத்தால் நல்லது. இருபுறமும் கைப்பிடி, 900 மி.மீ. உயரத்தில். ஓரத்தில் 75 முதல் 100 மி.மீ. விளிம்பு எழுப்புங்கள். அது இல்லாவிட்டால் முன் சின்னச் சக்கரம் ஓரத்தில் நழுவும்.

இனி கெட்டுப்போகும் இடங்கள். நான் பார்த்த அளவில் மூன்று.

உள்ளே நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டால் இரண்டு மழையில் உட்கார்ந்துவிடும். 150 மி.மீ. அடுக்காகக் கொட்டி, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இடியுங்கள். மேலே 100 மி.மீ. கனத்தில் 25 எம்பிஏ வலிமையுள்ள கான்கிரீட், உள்ளே ரெஃப் 193 என்ற ரக வலைக்கம்பி. ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள்.

இரண்டாவது, சாய்தளம் பழைய மேடையைத் தொடும் கோடு. புதுசு கொஞ்சம் இறங்கினாலும் அங்கே 20 மி.மீ. உதடு நிற்கும், சின்னச் சக்கரம் அதில் முட்டி ஆள் முன்னால் விழுவார். பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி சொருகாதீர்கள். சாய்தளத்துக்குத் தனி அஸ்திவாரம் போட்டு, இரண்டுக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி விட்டு மென்பலகை வைத்து, மேலே ஒரு பக்கம் மட்டும் திருகிய உலோகத் தகட்டால் மூடுங்கள்.

மூன்றாவது, மேற்பரப்பு. பால்குட நாளில் பாலும் எண்ணெயும் சிந்தும். டைல், பளிங்கு, இரும்புக் கரண்டியால் தேய்த்த சிமெண்ட் எல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்துவிடுங்கள், அவ்வளவு போதும். கேட்டிலிருந்து சாய்தளம் தொடங்கும் இடம்வரை புல்லின் மேல் பாவுகல் பதிக்க மறந்துவிடாதீர்கள். ஜனவரி மழையில் அந்தப் புல்லில் சக்கரம் புதைந்தால் சாய்தளம் இருந்தும் பயன் இல்லை.

சக்கரத்தில் செல்வி

கொத்தனார் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். முகப்பைப் பற்றிய மறுப்புக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். கமிட்டியின் மற்ற இரண்டுக்கும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கேதான் நிறைய இடங்களில் வேலை நின்றுபோகிறது.

தூக்குவதைப் பற்றி முதலில். பையன்களின் மனசு நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீல்சேரின் கைவைக்கும் பகுதியும் கால்வைக்கும் பகுதியும் பல வண்டிகளில் கழற்றக்கூடியவை. அதைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும், ஆள் கீழே. சட்டத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். பேட்டரி வண்டிகள் பல ஆளில்லாமலே 100 கிலோவைத் தாண்டும், அதைத் தொடவே கூடாது. அதோடு, தூக்கி ஏற்றப்படுகிறவர் தன் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமானாலும் நாலு பேரைத் தேட வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சமையல்கட்டு வழி வேண்டாம். அந்த ஒரு படிக்கும் 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். தரை எண்ணெயாக இருக்கும், அண்டாவும் கேஸ் குழாயும் குறுக்கே கிடக்கும். இதையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் ஒன்று பாக்கி இருக்கிறது: மற்றவர்கள் கோபுரம் பார்த்து, கொடிமரம் கும்பிட்டு உள்ளே போகிறார்கள். இவர்களும் சாமி கும்பிடத்தான் வருகிறார்கள். அதே வாசல் வேண்டும்.

சக்கரச் சுத்தம் நியாயமான கவலை, அதற்கு எளிய வழி இருக்கிறது. சாதாரண வீல்சேரின் பெரிய சக்கரம் 24 அங்குலம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். ஆகவே சாய்தளத்தின் உச்சியில் இருந்து மண்டப வாசல்வரை 2 மீட்டருக்கு மேல் நீளமாக ஈரத் துணி விரித்து, அதை அடுத்து அதே நீளத்துக்குக் காய்ந்த துணி விரியுங்கள். ஓரங்களைத் தரையோடு டேப் ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் சுருண்டு சக்கரத்தில் சிக்கும். ஒரு தடவை உருட்டினால் சக்கரம் முழுக்கத் துடைத்துவிடும். முன் சின்னச் சக்கரங்களை மட்டும் ஒருவர் குனிந்து கையால் துடைக்கட்டும். அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும், அதையும் எடுத்துவிடலாம். ஊன்றுகோலின் ரப்பர் முனைக்கும் இதே வழி. குருக்கள் ஐயாவை அழைத்து ஒருமுறை கண்முன்னே செய்து காட்டுங்கள். பேச்சில் தீராதது அதில் தீரும்.

"கோயிலுக்கென்று தனி வீல்சேர் வாங்கி வைக்கிறோம், வாசலில் மாறி உட்காரட்டும்" என்று ஒரு யோசனை வரும். மூப்பால் நடக்க முடியாத பாட்டிமாருக்கு அது உதவும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அது ஆபத்து. அவருடைய வண்டி அவர் உடம்புக்கு அளவெடுத்தது, அடியில் இருக்கும் மெத்தை படுக்கைப் புண் வராமல் காப்பது. உணர்ச்சியில்லாத உடம்பு வேறு வண்டியில் இரண்டு மணி நேரம் இருந்தால் புண் வந்ததே அன்றைக்குத் தெரியாது. தெரிந்தபின் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லாக் கோயிலிலும் விட்டுப்போவது. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.1, 1.2 மீட்டரில் இருக்கும். தீபாராதனைக்கு எல்லோரும் கைதூக்கி எழுந்தால் அவருக்கு முன்னால் இருப்பவர்களின் முதுகுதான் தரிசனம். முன்வரிசையில் ஓரமாக இரண்டு வண்டிக்கு இடம் கோடு போட்டு ஒதுக்குங்கள். விபூதி, தீர்த்தம் வைக்கும் மேசை 750 முதல் 800 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் உங்கள் தொண்டர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்? "எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்" என்ற முழக்கத்தை உலகம் கேட்கச் செய்ததில் இந்த நாட்டு மாற்றுத்திறனாளிகள் 1984இல் தொடங்கிய அமைப்பின் தலைவர்களுக்குப் பங்கு உண்டு. நம் கோயிலிலும் அது நடக்கட்டும். சுண்ணாம்புக் கோடு போடும் நாளிலேயே அவர்களைக் கூப்பிட்டு உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுவாழ்வுப் பணியாளர்

செயற்கைக் கால் வைத்தவர்கள் பற்றி யாரும் எழுதவில்லை. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட செருப்புக் குதி உயரத்துக்குச் சரிசெய்து பொருத்தப்பட்டது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் குதி தாழ்கிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, முழங்கால் பின்பக்கம் தள்ளப்படுகிறது. வழக்கமாக நன்றாக நடப்பவர் கோயிலுக்குள் தடுமாறுவது இதனால்தான். பாதத்தின் மேல்தோல் வழவழப்பான ரப்பர் என்பதால் ஈரத் தரையில் இன்னும் மோசம். தெருவில் போடாத, கோயிலுக்கென்றே துவைத்து வைத்த துணிக் காலணி ஒரு ஜோடி, அதே குதி உயரத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். வெறும் பாதம்தான் வேண்டும் என்று அவரே விரும்பினால், கால் பொருத்திய நிபுணரிடம் குதிக்கு அடியில் வைக்கும் ஆப்புக் கேட்டு வாங்கி, மெல்லிய காலுறைக்குள் வைக்கலாம்.

கால் எடுக்காத சர்க்கரை நோயாளிகளையும் இதோடு சேர்த்து நினையுங்கள், நம் சமூகத்தில் அவர்கள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். பாதத்தில் உணர்ச்சி போயிருந்தால் ஜனவரி வெயிலில் தார் ரோடு சுடுவது தெரியாது. ரத ஊர்வலம் முடிந்து வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அடுத்தது புண், அதற்கடுத்தது ஆஸ்பத்திரி. வெள்ளைக் கான்வாஸ் காலணிக்கு அனுமதி உண்டு என்று காவடி நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். கேட்டு வாங்க நம்மவர்கள் கூச்சப்படுவார்கள்.

கழுத்துப் பக்கம் முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. டர்பன் புழுக்கத்தில் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். நிழலும் மின்விசிறியும் தண்ணீர் தெளிக்கும் புட்டியும் அவர் பக்கத்தில் இருக்கட்டும். நீண்ட வரிசையில் நிறுத்த வேண்டாம். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றி உட்கார இடைவெளி தேவை.

வலிப்பு உள்ளவர்கள் விரதத்தின்போது மாத்திரையை நிறுத்தக்கூடாது. தூக்கம் கெடுவதும் மாத்திரை தப்புவதும் வலிப்பை வரவழைக்கும், காவடி வாரத்தில் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. மேளத்தின் நடுவே ஒருவர் விழுந்து உதறினால் சாமி வந்திருக்கிறது என்று சுற்றி நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தொண்டர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: அருள் வந்தவர் பெரும்பாலும் காலூன்றி நிற்பார், அழைத்தால் ஏதோ ஒரு விதத்தில் திரும்புவார். வலிப்பில் கை கால் விறைத்துத் தாளம் போல ஒரே சீராக வெட்டும், பேச்சுக்குப் பதில் இருக்காது. சந்தேகம் என்றால் வலிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கடியில் மென்துணி, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தல், வாயில் எதையும் திணிக்காமல் இருத்தல். கடிகாரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியில் 112.

உரிமைப் பலகை

வேலை தொடங்கும் முன் ஒரு முக்கியமான விஷயம். கட்டடம் 1958 என்கிறீர்கள். 60 வயது கடந்த எந்தக் கட்டுமானத்தையும் மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று 1999ஆம் ஆண்டு தேசிய மரபுரிமை வளச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் அந்த அமைப்பு அமாஃபா. கொத்தனார் ஐயா "பழைய சுவரில் துளை போடாதே, தனி அஸ்திவாரம் போடு" என்றது இதற்கும் பொருந்தும். பின்னாளில் எடுத்தால் பழைய கட்டடம் சேதமில்லாமல் அப்படியே நிற்கும் என்று வரைபடத்திலேயே காட்டுங்கள். நாலு பக்கமும் எடுத்த புகைப்படம், கோயில் கட்டிய ஆண்டுக்கான கல்வெட்டுப் படம், அளவு வரைபடம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதோடு முனிசிபாலிட்டியின் கட்டடப் பிரிவில் பிளான் அனுமதியும் வேண்டும். சிறு வேலை என்று விலக்குக் கிடைக்குமா என்பதை அங்கிருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி முடிவு செய்வார். எழுதிக் கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்பி மண்ணைத் தோண்டாதீர்கள். 1960களில் நம்மவர்கள் குடியேறிய சாட்ஸ்வொர்த் பக்கத்துக் கோயில்களும் இந்த 60 வயதைத் தொட்டு வருகின்றன, அங்கிருந்து படிக்கிறவர்களும் கவனியுங்கள்.

கமிட்டிக்குச் சொல்ல வேண்டியது: சமத்துவத்துக்கும் நியாயமற்ற பாகுபாட்டைத் தடுப்பதற்குமான 2000ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம், 9ஆவது பிரிவில், மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையாக இருப்பதை நீக்காமல் விடுவதையும், அவர்களுக்கு ஏற்ப நியாயமான ஏற்பாடு செய்யத் தவறுவதையும் பாகுபாடு என்று சொல்கிறது. கோயிலுக்கு விலக்கு என்று அதில் எழுதியில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சமத்துவ நீதிமன்றம் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை. இதை மிரட்டலாக எடுத்துப் போகாதீர்கள், நாளைக்கும் அதே கமிட்டியோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டும். கோரிக்கையைக் கடிதமாகக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி, பதிலுக்கு ஒரு தேதி கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

வடகரைத் தொண்டர்

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மரபுரிமை அனுமதி விஷயம் எங்களில் யாருக்கும் தெரியாது. அது பதினோரு வாரத்துக்குள் முடியும் என்று நம்பி இருக்க முடியாது. இந்தத் தைப்பூசத்துக்குத் தற்காலிகமாகப் பலகையில் செய்ய முடியுமா? இன்னொன்று, மண்டபத்தின் பக்கக் கதவை அளந்தேன், திறந்தபின் 740 மி.மீ.தான் கிடைக்கிறது.

கொத்தனார் பீனிக்ஸ்

முடியும், கணக்கும் அழகாக வருகிறது. 18 மி.மீ. ஷட்டர் பிளைவுட் ஒரு தகடு 2.44 மீட்டர் நீளம், 1.22 அகலம். மூன்று தகடு வைத்தால் 7.32 மீட்டர், உங்கள் 600க்குச் சரியாக 1:12. ஒவ்வொரு தகடும் 200 மி.மீ. ஏறும். இரண்டாவது தகடு முடிந்ததும் ஒரு சமதளம், உச்சியில் ஒன்று, இரண்டும் 1.5 மீட்டர். தொடக்கத்து 1.2 மீட்டரையும் சேர்த்தால் 11.52, உங்கள் 12க்குள் அடங்கும்.

தகட்டுக்கு அடியில் 38க்கு 114 மி.மீ. மரச் சட்டம், நிமிர்த்து வைத்து, நாலு வரிசை. முதல் ஒன்றரை மீட்டருக்குச் சட்டத்தை ஆப்பு மாதிரிச் சீவினால் தரையிலேயே உட்காரும். அதற்கு மேல் 1.2 மீட்டருக்கு ஒரு தாங்கல் கண்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் பேட்டரி வண்டி ஏறும்போது பலகை தொய்யும். புல்லின் மேல் தாங்கலை நேராக நிறுத்தாதீர்கள், அடியில் பாவுகல் வைத்து மட்டம் பாருங்கள். ஆணி வேண்டாம், திருகுதான். ஆணி அதிர்வில் மேலே எழும்பி வெறுங்காலில் குத்தும். ஓரத்தில் 38க்கு 76 சட்டம் நிமிர்த்தினால் விளிம்பு ஆயிற்று, நடுவில் 1.14 மீட்டர் மிஞ்சும். தரையோடு சேரும் நுனியில் 3 மி.மீ. கோடுபோட்ட இரும்புத் தகடு. மேலே பெயின்ட் அடித்து, ஈரம் காயுமுன் உலர்ந்த மணல் தூவி, இன்னொரு பூச்சுக் கொடுங்கள். விழா நாளென்று அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரிக்காதீர்கள், சுருண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். முந்தின நாள் பேட்டரி வண்டியை ஆளில்லாமல் ஏற்றி, பிறகு ஆளோடு ஏற்றிப் பாருங்கள்.

கதவு: குறைந்தது 750 வேண்டும், 800 இருந்தால் நிம்மதி. விழாவுக்குக் கதவுப் பலகையைக் கீலிலிருந்து கழற்றிச் சாத்தி வையுங்கள், பலகைக் கனம் 40 மி.மீ. மிச்சமாகி 780 வரும். பிறகு கதவு முழுக்க ஒதுங்கித் திறக்கிற மாதிரி விலகு கீல் போட்டால் அதே அளவு நிரந்தரமாகக் கிடைக்கும், நிலையைத் தொட வேண்டாம்.

சக்கரத்தில் செல்வி

காது கேளாத தம்பதியை விட்டுவிட்டோம். 2023இலிருந்து தென்னாப்பிரிக்கச் சைகைமொழி நாட்டின் 12ஆவது அதிகாரப்பூர்வ மொழி. அவர்கள் பேசுவது அதுவாகவே இருக்கும், தமிழ்ச் சைகை என்று தேட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவர்களையே கேட்டு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், கடைசி வாரத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். மொழிபெயர்ப்பவர் குருக்களுக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். பின்னால் ஜன்னல் இருந்தால் கை தெரியாது. அதோடு, காவடி புறப்படும் நேரம், அன்னதான நேரம், மழையால் வரும் மாற்றம் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லும் அதே நிமிடம் வாசல் கரும்பலகையிலும் ஒருவர் எழுதட்டும்.

அந்தப் பலகையைச் சாய்தளத்தின் தொடக்கத்தில், 1.2 மீட்டர் உயரத்துக்குள் மாட்டுங்கள் தம்பி. உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம்.